நாற்பத்தொரு படங்கள்

அத்தியாயம் 17

போன வாரம் வேலாயியைக் குழியில் இறக்கிவிட்டு நிறுத்தினேன். ஒரு பாவமும் அறியாத பொம்பளையை இப்படியா குளவிக்குக் கொடுப்பது என்று சிலர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மரத்திலிருந்த கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் ஓடினார்கள். அவள் முழங்கால் வலிக்காரி, ஓட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தத் தொடருக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்று பதினான்காம் நாள், வியாழக்கிழமை. நாளை மறுநாள் கருமாதி. கட்டாரில் கட்டட வேலை செய்யும் மகன் பிரதாப்புக்கு இப்போதுதான் லீவு கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் விமானத்திலிருந்து இறங்கி, கொழும்பு வந்து, ரயிலேறிவிட்டான். அப்பா சிவசாமி தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் கருமாதி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மகள் ஷாமிலா வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். பதிலுக்கு அழவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஸ்டூடியோவில் அந்தத் தொல்லை இல்லை.

தலவாக்கலை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் வலது கைப்பக்கம் மலர் ஸ்டூடியோ. முதலாளி செல்லசாமி படம் எடுப்பார். ஷாமிலா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, போன் லைன் வழியாகக் கொழும்பில் இருக்கும் லேபுக்கு அனுப்புவாள். அங்கே அச்சடித்து ரயில் பார்சலில் போடுவார்கள். அன்று முதலாளி கடையில் இல்லை. றொசல்லவில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு, கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிவந்தாள். பிரித்து உறைகளை மேசையில் அடுக்கினாள். மூன்று கலியாணம், ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, மற்றதெல்லாம் பிறந்தநாளும் சடங்கும். பதினொரு உறை. பன்னிரண்டாவது இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு ரப்பர் வளையம் விழுந்தது.

அந்தப் பன்னிரண்டாவது உறைதான் அவள் அம்மா.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைக்காக ஒரு நாள் காத்திருக்கலாம். கட்டாரில் இருக்கும் மகனுக்காக யார் காத்திருப்பது? வர முடியாதவன் வந்து பார்க்கப் படமாவது இருக்கட்டும் என்று எடுத்துவைப்பார்கள். செல்லசாமியும் தன் கடைப் பெண்ணின் வீட்டுச் சாவு என்று மழையில் நனைந்துகொண்டே வந்து நாற்பத்தொரு படம் எடுத்தார்.

அதில் முப்பத்தைந்து படங்களில் வேலாயியின் முகத்தில் வெள்ளைத் துணி கிடக்கும். குளவி கொட்டி வீங்கிய முகத்தை மற்றவர்கள் பார்க்கவேண்டாம் என்று சிவசாமி போட்ட துணி அது. பெட்டியை மூடுவதற்கு முன்னால், முகம் பார்க்கிறவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டபோதுதான் அதை எடுத்தார்கள். ஆகவே கடைசி ஆறு படங்களில்தான் முகம்.

பிரதாப் கட்டாரிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் கேட்டது ஒரே விஷயம். அம்மா முகத்தை நான் பார்க்கவேண்டும், படம் பத்திரமாக இருக்கிறதா? இருக்கிறது அண்ணே, நீ வரும்போது அச்சடித்து வந்திருக்கும் என்று ஷாமிலாவும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

அவள் கொழும்புக்குப் போன் எடுத்தாள். லேபில் படங்களைப் பார்க்கிற கோபிசங்கர் வெளியே போயிருந்தார். லோஜனா என்று ஒரு பெண் எடுத்தாள். அச்சுக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் அச்சடித்து அனுப்பிவிட்டோம், அப்படி ஒரு போல்டர் இங்கே இல்லையே என்றாள். வேண்டுமானால் நீங்களே இணைத்துப் பாருங்கள், கோபிசங்கர் அண்ணா வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஷாமிலா லைனை இணைத்தாள். திரையில் இரண்டு பெட்டிகள் வந்தன, இடது கடையுடையது, வலது கொழும்பு லேபுடையது. வலது பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். இல்லை.

கொஞ்ச நேரம் கையை மவுசில் வைத்தபடி இருந்தாள். பிறகு என்ன நடந்தது என்று புரிந்தது.

படிக்கிற உங்களுக்கும் புரியவேண்டும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். படம் அனுப்பும் மென்பொருளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். இடது பெட்டி தலவாக்கலைக் கம்ப்யூட்டர், வலது பெட்டி கொழும்புக் கம்ப்யூட்டர். இடதில் இருக்கும் போல்டரை மவுசால் பிடித்து வலதுக்கு இழுத்து விட்டால், படங்கள் போன் கம்பி வழியாக ஊர்ந்து ஊர்ந்து கொழும்புக்கு ஏறும். ஏறி முடிந்த பிறகு இங்கேயும் ஒன்று இருக்கும், அங்கேயும் ஒன்று இருக்கும். இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இதைச் செய்து, இழுத்தால் ஒன்று இரண்டாகும் என்று அவள் கைக்குப் பழகிவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, அம்மாவின் படங்களை அப்படித்தான் ஏற்றினாள். கொழும்பில் கலியாண சீசன், சாவுப் படத்துக்கு அவசரம் இல்லை, பத்து நாளாகும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை பிரதாப் போனில் அழுதான். அழுததைக் கேட்டுவிட்டு வந்தவள், எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்று நினைத்து, கொழும்புக் கம்ப்யூட்டரில் தன் பேரில் இருந்த இடத்துக்குள் அந்தப் போல்டரை இழுத்து வைத்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. இது இடதிலிருந்து வலதுக்கு இழுத்தது அல்ல. வலது பெட்டிக்குள்ளேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்தது. இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் இழுத்தால் நகல் எடுக்கும். ஒரே கம்ப்யூட்டருக்குள் இழுத்தால் நகல் எடுக்காது, இடம் மட்டும் மாற்றும். வீட்டுக்குள் டிரங்குப் பெட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்துகிற மாதிரி. அந்த மூலையில் பெட்டி இருந்தால் இந்த மூலை காலி. மென்பொருள் அதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை செல்லசாமி வழக்கம்போலக் கடைக் கம்ப்யூட்டரைத் துடைத்து இடம் பண்ணினார். எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டதா புள்ள என்று ஒரு வார்த்தை கேட்டார். போய்விட்டது முதலாளி என்றாள். இந்தத் திங்கட்கிழமை லேபிலிருந்து, உங்கள் கடை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, தேவையில்லாததை எடுங்கள் என்று சொன்னார்கள். அச்சுக்குப் போட்டது ஒன்று இருக்கிறதே, இது உபரிதானே என்று தன் பேரில் இருந்ததை அவளே அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

இருந்தது அந்த ஒன்றுதான்.

அவளுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. பதினான்கு நாளாக அவளுக்கு எதுவுமே வரவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை. பக்கத்து லயத்துப் பெண்கள் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். இப்போதும் அப்படித்தான் இருந்தது. யாரோ ஒரு பெண் தன் அம்மாவின் முகத்தை அழித்துவிட்டாள், பாவம் என்று தோன்றியது.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அண்ணன் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிடவேண்டும். உறைகளை அலுமாரியில் வைத்தாள், கடையைப் பூட்டினாள், பஸ் ஏறினாள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. லைனையும் வெட்டவில்லை. இணைப்பில் இருக்கும்வரை கடைப் போன் யாருக்கும் கிடைக்காது என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

*

சிவசாமி வாசலில் குந்தியிருந்து, கோயிலிலிருந்து எடுத்துவந்த பெரிய சட்டிகளைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் ரோலிங் மெசினோடு நின்றவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஷாமிலா பக்கத்தில் குந்தி, காதோடு சொல்லவேண்டியிருந்தது.

"அப்பா, அம்மா படம் வரல. நான் அழிச்சிட்டேன்."

அவர் கையிலிருந்த சட்டியைத் துலக்கி முடித்துத் தண்ணீர் ஊற்றினார்.

"எல்லாமா?"

"நாப்பத்தொண்ணும்."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திட்டை எதிர்பார்த்தாள். அவரோ ஈரக் கையால் அவள் தலையைத் தடவினார்.

"நல்லதுதாம்மா செஞ்ச. நானே சொல்லணும்னு இருந்தேன், எனக்கு வாய் வரல. அந்த மொகத்த அவன் பாக்க வேணாம். நான் பாத்ததே போதும், கண்ண மூடுனா அதுதான் வருது. நீ ஒண்ணும் பேசாத. மெசின் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

தப்பாகச் செய்துவிட்டேன் அப்பா, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் முகத்தில் இத்தனை நாளில் இல்லாத ஒரு தெளிவு தெரிந்தது. அதைக் கலைக்க அவளிடம் தெம்பு இல்லை. அவர் சோறு போட்டுக் கொடுத்தார், வேண்டாம் என்பதைவிடச் சாப்பிடுவது லேசாக இருந்தது, சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குப் பிரதாப் வந்தான். வீட்டுக்குள் வந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டான். இருவரும் சத்தம் போட்டு அழுதார்கள். ஷாமிலா அண்ணனின் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

விளக்குக்குப் பின்னால் வேலாயியின் அடையாள அட்டையைச் சாய்த்துவைத்திருந்தார்கள். அட்டையிலிருந்தது இருபது வருடத்துக்கு முந்திய படம், நகம் அளவு முகம். வேறு யாரோ ஒரு சின்னப் பெண் மாதிரி இருந்தாள். பிரதாப் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"படம் வந்திருச்சா?" என்றான்.

மெசினில் ஏதோ கோளாறாம், படமெல்லாம் போய்விட்டதாம், அவர்கள் என்ன செய்வார்கள் என்றார் சிவசாமி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லும்போது விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிரதாப் தங்கையைப் பார்த்தான். திங்கட்கிழமைகூடப் பத்திரமாக இருக்கிறது என்றாயே, அதற்குள் என்ன ஆனது என்று கேட்டான்.

"நான்தாண்ணே அழிச்சேன்" என்றாள் ஷாமிலா.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றார் சிவசாமி.

பிரதாப் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க பாத்தீங்க, தோட்டமே பாத்துச்சு. பெத்த மகன் நான் மட்டும் பாக்கக்கூடாது. அப்படித்தானேப்பா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சிவசாமிக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன் நன்மைக்குத்தான் என்று ஏதோ தொடங்கினார். அவன் கேட்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு போய்விடுகிறேன், லீவு இருந்தாலும் இங்கே இருக்கமாட்டேன் என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த மகன் வந்து அரைமணி நேரத்தில் இப்படிச் சொல்கிறான். சிவசாமி செய்யாத குற்றத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு சுவரோடு நின்றார்.

அதைப் பார்த்துக்கொண்டு ஷாமிலாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்பா சொல்லல. அவரு பொய் சொல்றாரு. வாண்ணே கடைக்கு, என்ன நடந்துச்சுன்னு காட்டுறேன்."

*

நாலரை மணிக்கு ஸ்டூடியோவைத் திறந்தார்கள். கம்ப்யூட்டர் அவள் விட்டுப்போனபடியே இருந்தது. இணைப்பும் அறுந்திருக்கவில்லை.

ஷாமிலா ஒரு பிறந்தநாள் படத்தை எடுத்து இடதிலிருந்து வலதுக்கு இழுத்தாள். ஏறி முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பார், இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது என்றாள். பிறகு அதையே வலது பெட்டிக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்தாள். இதற்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணிமைப்பதற்குள் முதல் இடம் காலி.

பிரதாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டாரில் அவனுக்குக் கட்டடங்களில் மின்சார வயர் இழுக்கும் வேலை. ஒரே மாதிரி இழுப்பு, இரண்டு விதமான விளைவு என்பது அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னான். அவள் செய்துகாட்டினாள்.

"எங்க சைட்டுல ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேல எழுதி ஒட்டியிருக்கும், தொட்டா என்ன நடக்கும்னு. இதுல ஒண்ணும் எழுதலியே."

"எழுதலண்ணே."

"அப்ப நீ வேணும்னு செய்யல."

"இல்ல."

கோபப்பட ஆள் இல்லாமல் போனது அவனுக்குப் பெரிய நஷ்டம். கொஞ்ச நேரம் கழித்து, அழிக்கும் முன்னால் நீயாவது ஒரு தடவை பார்த்தாயா, எப்படி இருந்தார்கள் அம்மா என்று கேட்டான்.

இல்லை என்று ஷாமிலா தலையை ஆட்டினாள். ஏற்றியபோதும் இழுத்தபோதும் அழித்தபோதும் அது ஒரு மூடிய மஞ்சள் போல்டர். அவள் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

"சரி, நேர்ல பாத்திருப்பியே" என்றான் பிரதாப்.

இந்தக் கேள்வியை இத்தனை நாளில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஒன்றரை நாள் அம்மாவின் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். துணி போட்ட முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் பெருவிரலில் அட்டை கடித்த பழைய தழும்பு ஒன்று உண்டு. கடைசியில் முகம் பார்க்கக் கூப்பிடுவார்கள் அல்லவா, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

"கூப்புட்ட நேரம் நான் பக்கத்து லயத்து பூரணி அக்கா வீட்டுல நின்னேன், அங்கதான் போன். நீ போன் எடுத்திருந்த. அழுதுக்கிட்டே இருந்த, வைக்க மனசு வரல, கேட்டுக்கிட்டே நின்னேன். திரும்பி வந்தா ஆணி அடிக்கிறாங்க. நானும் பாக்கலண்ணே."

பிரதாப் இன்னொரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். ஒரே முகத்தைப் பார்க்காத இரண்டு பேர் ஒரு வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இனி இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஷாமிலா லைனை வெட்டினாள்.

வெட்டிய அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"தங்கச்சி, நான் கோபிசங்கர் கதைக்கிறன். மத்தியானம் தொடக்கம் எடுக்கிறன், உங்கட லைன் கிடைக்கவே இல்லை. அந்தச் செத்தவீட்டுப் படம் அச்சுப் போல்டரில இல்லைத்தான். ஆனா என்ர மெசின்ல கிடக்கு."

அவரே விளக்கினார். அவள் ஏற்றிய திங்கட்கிழமை சாயங்காலமே, நிறம் சரிபார்ப்பதற்காக அந்தப் போல்டரைத் தன்னுடைய கம்ப்யூட்டருக்கு இழுத்து வைத்திருந்தாராம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு இழுத்தது. ஆகவே நகல். மறுநாள் அவள் இடம் மாற்றியதும் பிறகு அழித்ததும் அதைத் தொடவில்லை. அச்சுக்கு எடுப்பவர்கள் அச்சுப் போல்டரை மட்டும் பார்த்து இல்லை என்றுவிட்டார்கள்.

"ஆனா ஒரு விஷயம் இருக்கு. கடைசி ஆறு படத்திலயும் அந்த அம்மான்ர முகம் நல்லா வீங்கிக் கிடந்தது. வீட்டுக்காரர் பார்த்தால் தாங்கமாட்டினம் எண்டு நான் கொஞ்சம் வேலை செய்துவைச்சிருக்கிறன். வீக்கத்தைக் குறைச்சு, நித்திரை கொள்ளுற மாதிரி. பழசும் இருக்கு, திருத்தினதும் இருக்கு. எதை அனுப்ப? யாற்ற வீட்டுப் படம் இது?"

"எங்கம்மா" என்றாள் ஷாமிலா.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, எனக்குத் தெரியாது என்றார் மெதுவாக.

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். பதினான்கு நாளாக முகம் முகம் என்று உயிரை வாங்கியவன் இப்போது, அவ்வளவு வீங்கியிருந்ததா என்று மட்டும் கேட்டான். அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கும் தெரியாது. வீட்டில் தெரிந்த ஒரே ஆள் கதவடியில் நின்றுகொண்டிருந்தார்.

சிவசாமி அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியாது. கையில் குடை, சட்டையில் சாம்பல் கறை. மந்தக் காதுக்கும் விஷயம் எட்டியிருந்தது.

"திருத்துனத அனுப்பச் சொல்லும்மா" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார்.

பிரதாப் அப்பாவைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான். ஷாமிலா கையை எடுத்துவிட்டுப் போனில் பேசினாள்.

"ரெண்டையும் வைங்க அண்ணே. வேற வேற போல்டர்ல. மொகம் இருக்கிற ஆற மட்டும் இப்ப."

வைத்துவிடுகிறேன் என்றார் கோபிசங்கர். போனை வைப்பதற்கு முன்னால் தயங்கி ஒன்று சொன்னார். இனிமேல் மவுசின் வலது பட்டனை அமுக்கிக்கொண்டு இழுங்கள் தங்கச்சி, நகலா, இடம் மாற்றவா என்று அது கேட்கும் என்றார். இரண்டு வருடத்தில் அவளுக்கு யாரும் சொல்லாத விஷயம் அது.

ஐந்தரை மணிக்கு மீண்டும் இணைத்தாள். வலது பெட்டியில் இரண்டு போல்டர்கள் இருந்தன, பழசு ஒன்று, திருத்தியது ஒன்று. அவள் பழசின் மேல் அம்பை வைத்து, வலது பட்டனை அமுக்கி, இடதுக்கு இழுத்தாள். கையை விட்டதும் சின்னதாக ஒரு பட்டியல் விரிந்தது. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தாள். நகல் என்பதை அழுத்தினாள்.

முதல் படம் வரத் தொடங்கியது. பச்சைக் கோடு ஒன்று நத்தை மாதிரி நகர்ந்தது.

"எத்தன நிமிசம்?" என்று கேட்டார் சிவசாமி.

"மூணு நாலு ஆகும்பா."

அவர் உள்ளே வந்து, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஆட்களை உட்காரவைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது நீலத் திரைச்சீலைக்கு முன்னால் போட்டது. கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரைச்சீலையைப் பார்த்தபடி குடையை மடியில் வைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று ஷாமிலா நினைத்தாள். அவர் போகவில்லை.

வெளியே நுவரெலியா பஸ்ஸுக்கு ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கோடு பாதி தாண்டியது. பிரதாப் இரண்டு கையையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். திருத்தியதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் இதைப் பார்ப்போமா என்று கேட்டான். பிறகு அவனே வேண்டாம் என்றான்.

கோடு நிறைந்தது. முப்பத்தாறாம் படம் தலவாக்கலைக்கு வந்துவிட்டது.

ஷாமிலா அம்பை அதன்மேல் கொண்டுபோனாள். இரண்டு தடவை அழுத்தவேண்டும். ஒரு தடவை அழுத்தி நிறுத்தினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக உள்ளே எங்கேயோ ஏதோ ஒன்று இளகுவது தெரிந்தது, அவளுக்குப் பயமாக இருந்தது.

"தொறந்துட்டியா?" என்றார் சிவசாமி, திரும்பாமல்.

"இன்னும் இல்லப்பா."

அவர் மடியிலிருந்த குடையை எடுத்துத் தரையில் ஊன்றினார்.

"எடது கண்ணு கொஞ்சம் தொறந்திருக்கும். பயந்திராத. அம்மாதான் அது."

ஷாமிலா அழுத்தினாள்.

பழைய கம்ப்யூட்டர், படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாகத்தான் வரும். முதலில் கூரைத் தகரம் வந்தது. அதற்குக் கீழே பந்தல் துணி. பெட்டியின் விளிம்பில் சுற்றிய சாமந்திப் பூ. நடு வகிடு எடுத்துச் சீவிய, பாதி நரைத்த தலைமுடி.

பிறகு நெற்றி. அதில் ஒட்டிய காசு.